சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்: எம்.எஸ். உள்ள ஒரு தையல்காரியின் 14 மாத அனுபவம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் என் கால்மிதி தையல் மிஷின் இருபது வருடம் நின்றது. 2024 பிப்ரவரியிலிருந்து அந்த இடத்தில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. முதுகைச் சாய்த்துக்கொள்ள நாற்காலி மாதிரி இருக்கை, பெடல் முன்பக்கம், காலை நீட்டி மிதிக்கிற வகை. கடையில் ரிகம்பன்ட் பைக் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். நான் வாங்கியபோது விலை 21,500 ரூபாய். கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் நான்கைந்து பெயர்களில் விற்கிறார்கள். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு மல்டிபிள் ஸ்களிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம். வயது 44, ஊர் திருச்சி உறையூர். இந்தச் சைக்கிளை வாங்கும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து, ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை எல்லாம் படித்தேன். எத்தனை கலோரி எரிந்தது, மூன்று மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, திரை எப்படி இருக்கிறது என்று நிறைய எழுதியிருந்தார்கள். ஏறி உட்காரக் காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. என் போன்றவர்களுக்கு முதல் கேள்வியே அதுதான். இரண்டாவது கேள்வி, மிதித்துவிட்டு இறங்கினால் பத்தடி தள்ளியிருக்கும் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடிக்காமல் போக முடியுமா என்பது. இந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எடை போடுகிறேன்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2015-ல் இடது கண் ஒரே வாரத்தில் மங்கியது. கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கும். கல்யாண ஜாக்கெட் ஒன்று வந்திருந்தது, அரக்குச் சிவப்பு. வலது கண்ணால் பார்த்தால் அரக்கு, இடது கண்ணால் பார்த்தால் பழைய செங்கல் நிறம். துணிதான் சாயம் போய்விட்டதோ என்று வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் ஓரளவு தேறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது, 2017-ல் வலது கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழும், விழுந்ததே தெரியாமல் நடந்து போயிருப்பேன். படியில் நுனிக்கால் தட்டும். அப்போதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பெயர் சொன்னார்கள்.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளுக்கு மயலின் என்று ஒரு மேலுறை இருக்கிறது, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கி அங்கங்கே அரித்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். எனக்கு அது மிஷின் வழியாகத்தான் புரிந்தது. ஊசி சரி, நூல் சரி, சக்கரம் சுற்றுகிறது, ஆனாலும் தையல் விட்டு விட்டு விழும். நாலு விழும், ஒன்று தாண்டும். துணியைத் தூக்கிப் பார்க்கிற வரை தெரியாது. ‘தூக்கு’ என்று மூளை சொல்வது என் வலது பாதத்துக்குப் போய்ச் சேர்வதும் அப்படித்தான்.

கால்மிதி மிஷினில் முன்பாதத்தையும் குதிகாலையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். வலது முன்பாதம் சமயத்துக்குத் தூக்காமல் போனதும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிடும், நூல் அறுந்துவிடும். ஒரு நாளில் முப்பது தடவை நூல் அறுந்த நாள் உண்டு. அப்புறம் மோட்டார் மாட்டி, அதன் பெடலை இடது காலுக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து வலது காலுக்கு வேலையே இல்லாமல் போனது. வீட்டிலும் என்னை அசைய விடவில்லை. “நரம்பு வீக்கா இருக்கு, ஏன்மா போட்டு வருத்துறே” என்று அத்தை குடத்தைக்கூடத் தொட விடமாட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர்களே ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள், உடம்பை வருத்தினால் நோய் கூடும் என்று. 1996-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பெட்டஜன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் எம்.எஸ். உள்ள 54 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் கையாலும் காலாலும் ஓட்டுகிற சைக்கிளை வாரம் 3 நாள், நாளைக்கு 40 நிமிடம் என்று 15 வாரம் ஓட்டினார்கள். நோய் கூடவில்லை. அவர்களுடைய மூச்சுத் திறன் 22 சதவீதம் ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இந்தப் பேச்சு மாறியது.

இதை எனக்குச் சொன்னது என் பிசியோதெரபிஸ்ட். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் என் இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தாள். வலது தொடை ஒன்றேகால் அங்குலம் இளைத்திருந்தது. “அக்கா, நரம்பால போன பலத்தை என்னால திருப்பித் தர முடியாது. உட்கார்ந்தே இருந்ததால போன பலத்தைக் கொண்டு வந்துரலாம். உங்க கால்ல ரெண்டும் கலந்து கிடக்கு” என்றாள். ஏழு வருடத்தில் என்னிடம் யாரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் வாங்கியது இது இல்லை. நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கிற சின்னப் பெடல், இரண்டாயிரத்துச் சொச்சம். இருபது சுற்று சுற்றுவதற்குள் மொசைக் தரையில் அது தள்ளிக்கொண்டே போகும். நாற்காலிக் காலோடு நாடாவால் கட்டிப் பார்த்தேன், அப்போது நாற்காலி நகர்ந்தது. இறுக்கத்துக்கு ஒரு திருகு இருக்கும். பத்து நிமிடத்தில் அந்த இடம் தொட முடியாத அளவு சுட்டுவிடும். கையால் சுற்றுவதற்கு மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம், அதற்கு நல்லது. காலுக்கு வேண்டாம்.

சைக்கிள் கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனேன். கடைப் பையன் முதலில் டிரெட்மில்லைக் காட்டினான். ஓடுகிற தரையில் என் வலது நுனிக்கால் ஒரு தடவை தட்டினால் போதும், அதோடு சரி. அடுத்தது, நிமிர்ந்து உட்காரும் சாதாரண உடற்பயிற்சி சைக்கிள். அதில் நடுவில் தடி உயரமாகப் போகிறது. காலைத் தூக்கித் தாண்டிப் போட வேண்டும். சீட் கையகலம். எனக்குத் தடுமாற்றம் இடது பக்கம், பிடிக்க ஒன்றுமில்லை. மூன்றாவதாகத்தான் இதைக் காட்டினான். குனிந்து அளந்தேன். தாண்ட வேண்டிய குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 7 அங்குலம். அது எங்கள் வீட்டு வாசற்படி உயரம். இருக்கை 20 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலியைவிட மூன்று அங்குலம் கூட. எழுந்திருக்கும்போது அந்த மூன்று அங்குலம் எவ்வளவு உதவி என்பது முழங்கால் சொல்பேச்சுக் கேட்காதவர்களுக்குத் தெரியும். இருக்கையின் இரண்டு பக்கமும் கைப்பிடி. உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்துப் பெடலில் வைத்துக்கொள்ளலாம். “அக்கா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கற மாதிரி எடுக்கறீங்களே” என்றான். அப்படித்தான் எடுக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு டேப் எடுத்துப் போங்கள், கடையிலேயே மூன்று தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

சரி, மிதிப்பதற்கு வருகிறேன். உள்ளே ஒரு உலோகச் சக்கரம், அதன் அருகே காந்தம். திருகைத் திருப்பினால் காந்தம் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும், இறுக்கம் கூடும். ஒன்றோடு ஒன்று உரசுவதில்லை, அதனால் சத்தமும் இல்லை, தேய்மானமும் இல்லை. விடியற்காலையில் மிதித்தால் பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. எட்டு நிலை இருக்கிறது. நான் 14 மாதத்தில் மூன்றைத் தாண்டியதில்லை, தாண்ட வேண்டிய அவசியமும் வரவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. இந்த விலையில் வருகிற சக்கரம் எடை குறைந்தது. எடையுள்ள சக்கரமாக இருந்தால் அதன் வேகமே பலமில்லாத காலை இழுத்துக்கொண்டு போகும். இதில் வலது பெடல் உச்சிக்கு வரும்போது அரை நொடி தயங்கி நிற்கும். இடது காலால் ஓர் உந்து உந்தித்தான் தாண்ட வைக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க இடது காலே இரண்டு காலின் வேலையையும் செய்தது, வலது கால் சும்மா கூடச் சுற்றியது. பிசியோ தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, வலது தொடை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மிதிக்கச் சொன்னாள். தசை இறுகுவதைக் கை உணர வேண்டும். உணரவில்லை என்றால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை.

இன்னொன்றும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. முன்பாதத்தைப் பெடலில் வைத்து அழுத்தினால் என் வலது பாதம் தானாக டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்துவிடும், நிறுத்த முடியாது. கெண்டைக்கால் தசை வெடுக்கென்று இழுபடுவதால் வருவது, குளோனஸ் என்று பெயர். பெடல் பாதத்தின் நடுப்பகுதிக்குக் கீழே வரும்படி காலை மாற்றி வைத்தோம். அன்றோடு அடிப்பது முக்கால்வாசி நின்றது. சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தில் முன்பாதத்தை வைக்கச் சொல்லிப் படம் போட்டிருக்கிறது. அது எல்லாருக்கும் போட்ட படம்.

இனி வெயில். இதை மட்டும் யாரும் தாண்டிப் போகாமல் படியுங்கள். வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சித்திரை மாதம். காலையில் ஒரு கஸ்டமர் வந்துவிட்டதால் நேரம் தவறி, பதினொரு மணிக்கு ஏறினேன். அதுவரை பன்னிரண்டு நிமிடம்தான் என் கணக்கு. அன்று கால் நன்றாகக் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில் இருபது நிமிடம் மிதித்துவிட்டேன். பாதியில் கரண்ட் போனது, ஃபேன் நின்றது, நான் நிற்கவில்லை. இறங்கி நின்றதும் வலது முழங்கால் மடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஜன்னல். கம்பிகள் எல்லாம் கலந்து ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தன. அத்தை வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து என் பிடரியில் போட்டார். காலை நீட்டச் சொல்லிப் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். எவ்வளவு நேரமோ தெரியவில்லை, பட்டையின் நடுவில் இரண்டு கம்பி பிரிந்தன. அப்புறம் பக்கத்தில் இன்னும் இரண்டு. எல்லாம் தனித்தனியாக வந்ததும் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. கடிகாரம் பதினொன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. எழுந்து நடந்தேன்.

உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே, உறை அரிக்கப்பட்ட நரம்பில் செய்தி ஓடுவது தடைப்படும். சூடு இறங்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். வில்ஹெல்ம் உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே, உடம்பை வருத்தியதும் பார்வை மங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பதே இந்த நோய்க்கு ஒரு சோதனையாக இருந்தது. இதனால் நரம்புக்குப் புதிதாகச் சேதம் வருவதில்லை என்று என் டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது. சேதம் இல்லை என்றாலும், கீழே விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே விளையாட்டில்லை. குளிர்ந்த பிறகும் போகாமல் ஒரு தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது சூடு இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். இதை எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து காலை ஐந்தேகால் மணிதான். முந்தைய நாள் இரவே துண்டை நனைத்துப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஏறுவதற்கு முன் பிடரியில் ஒன்று, பக்கத்து ஸ்டூலில் மாற்றுக்கு இன்னொன்று. ஐஸ் போட்ட தண்ணீரை மிதிக்க ஆரம்பிக்கும் முன்பே நாலு மடக்கு குடித்துக்கொள்வேன். சூடு ஏறிய பிறகு இறக்குவதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம். ஆறு நிமிடம் மிதிப்பு, மூன்று நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது, மறுபடி ஆறு, மறுபடி மூன்று, கடைசியாக ஆறு. நாற்காலி மாதிரி இருப்பதால் இளைப்பாற இறங்க வேண்டியதில்லை. இந்தச் சைக்கிளின் பெரிய சௌகரியமே அதுதான் என்பேன். ஏறுவதற்கு முன் பாத்ரூம் போய்விட்டு வருவேன், எங்களுக்கு அவசரம் சொல்லிவிட்டு வராது. அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

எவ்வளவு வேகம் என்பதற்கு என் கணக்கு பேச்சுதான். மிதித்துக்கொண்டே அன்றைக்குத் தைக்க வேண்டிய அளவுகளை அத்தையிடம் வாய்விட்டுச் சொல்வேன்: மார்பு 36, தோள் 14, கை நீளம் 9. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் சொல் உடையக் கூடாது. உடைந்தால் வேகத்தைக் குறைப்பேன். கைப்பிடியில் நாடித் துடிப்பு பார்க்கிற உலோகத் தகடு இருக்கிறது. ஈரக் கையோடு பிடித்தால் ஒரு நாள் 70 காட்டும், அதே நிமிடத்தில் 130 காட்டும். எம்.எஸ். உள்ள சிலருக்கு, எவ்வளவு முயற்சி செய்தாலும் அதற்கேற்றபடி நாடி ஏறாது என்று பிசியோ சொன்னாள். அதனால் அதை நம்புவதை விட்டுவிட்டேன். திரையைப் பற்றி ஒரே வரி: சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் எழுத்து, வெளிச்சம் கிடையாது, என் இடது கண்ணுக்கு அது வெறும் கண்ணாடி. போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பி, இருக்கைக்கு அடியில் இருக்கிறது. குனிந்து பலமாக இழுக்க வேண்டும். என் வலது கையில் பிடி குறைவு, என்னால் முடியாது. மகள் கல்லூரியிலிருந்து வந்தால் அவளும் மிதிப்பாள், இருக்கையைப் பின்னே தள்ளிவிடுவாள். காலை முழுக்க நீட்டினால் எனக்குத் தொடையிலிருந்து பாதம் வரை கம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும். பெடல் எட்டத்தில் இருக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அதனால் தையல் சாக்பீஸால் சட்டத்தில் என் இடத்துக்கு ஒரு கோடு, அவள் இடத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன். அவள் முடித்ததும் என் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் காபி குடிக்கப் போவாள். இருக்கையின் ரெக்சின் வியர்வையில் ஒட்டுகிறது, பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்டாயிற்று.

இப்போது எனக்கு இருக்கிற மனக்குறை. பெடலில் பாதத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டி தந்திருக்கிறார்கள். ரப்பர், ஒரு அங்குல அகலம், துளையில் மாட்டுகிற வகை. பாதத்தின் மேல்பக்கத்தை மட்டும் பிடிக்கும். குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். பாதம் தொங்குகிற காலுக்கு இது போதாது. மூன்று தடவை என் கால் பெடலை விட்டு நழுவி, திரும்பி வந்த பெடல் கெண்டைக்காலில் இடித்தது. தோலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் இரத்தம் வந்ததைப் பாவாடையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனி உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டார், அனுப்புகிறோம் என்றார். பதினெட்டு நாள் கழித்துப் பார்சல் வந்தது, உள்ளே அதே பட்டி இரண்டு. நோயாளிகள் வாங்கும் பொருள் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறார்கள், குதிகாலைப் பிடிக்க ஒரு பட்டி தரக் கூடாதா? தைக்கத் தெரிந்த நான் தைத்துக்கொண்டேன். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நோய் போகவில்லை, போகும் என்று எந்த மிஷினைப் பற்றி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என் மருந்துகள் அப்படியேதான் தொடர்கின்றன. மாறியது இவ்வளவு: முன்பு மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு ஜாக்கெட்கூடத் தைக்க முடியாது, படுத்துவிடுவேன். இப்போது நாலு மணி வரை உட்கார முடிகிறது. தெருமுனை நூல் கடைக்கு வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவேன், இப்போது திரும்பி வரும்போதுதான் உட்காருகிறேன். டவுன் பஸ்ஸில் முதல் படி ஏற ஒரு கை கொடுத்தால் போதும், முன்பு இரண்டு பேர் வேண்டும். வலது தொடை முக்கால் அங்குலம் தேறியிருக்கிறது, டேப் வைத்துப் பார்த்தோம். இறங்கிப் பத்தடி போகிற அந்தச் சோதனையில் பெரும்பாலான நாள் சுவரைத் தொடுவதில்லை. தொட்டால், மறுநாள் ஒரு ஆறு நிமிடத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

2024 நவம்பரில் மறுபடி ஒரு தாக்கம் வந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். மூன்று வாரம் சைக்கிள் பக்கமே போகவில்லை. அதன் மேல் துணி காயப் போட்டிருந்தார்கள். திரும்ப ஏறியபோது மூன்று நிமிடம், இறுக்கம் ஒன்றில். எல்லாம் போயிற்றே என்று அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்த்துக்கொண்டு, “மூணு ஆச்சு, எறங்கு. நாளைக்கும் மூணுதான்” என்றார். பழைய பதினெட்டு நிமிடத்துக்கு வரப் பொங்கல் தாண்டி மாசி வரை ஆனது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி, அல்லது 150 நிமிடமாவது அன்றாட நடமாட்டம், அல்லது இரண்டும் என்று அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் 2020-ல் பரிந்துரை வெளியிட்டது. அவரவர் நிலைக்கு ஏற்ப மெல்ல ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் இப்போது வாரம் ஐந்து நாள், 90 நிமிடத்தில் நிற்கிறேன். சைக்கிள் தொடைக்குத்தான். நிற்கிற பலத்துக்கும் தடுமாற்றத்துக்கும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தனியாகச் செய்கிறேன்.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கால் தானாக அசையவே அசையாது என்றால் இது உதவாது. மோட்டார் காலைச் சுற்றி விடுகிற வகை தனியாக இருக்கிறது. விறைப்பு வந்தால் தானே நின்று எதிர்ப்பக்கம் சுற்றுகிற பெரிய மிஷின்கள் சில பிசியோதெரபி மையங்களில் இருக்கின்றன. விலை நம் கைக்கு எட்டாது, போய்ப் பயன்படுத்தலாம். புதிதாகத் தாக்கம் வந்திருக்கிற வாரங்களில் எதையும் வாங்காதீர்கள். தேறிய பிறகு கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் நரம்பு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது முதல் மாதம் ஏற வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். போன ஒன்று பட்டிக்காக.

அந்தப் பட்டியைத் தைக்க விரும்புகிறவர்களுக்கு: பழைய ஜீன்ஸ் துணியை இரண்டாக மடித்து, நடுவில் பை தைக்கிற கேன்வாஸ் வைத்து, குதிகாலின் பின்னால் அரை வட்டமாக நிற்கிற அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், உயரம் 3 அங்குலம். இரண்டு ஓரத்திலும் 2 அங்குல நைலான் நாடாவைக் கெட்டித் தையல் போட்டுப் பிடித்து, பெடலுக்கு அடியில் ஒரு சுற்றுக் கொடுத்துப் பாதத்தின் மேல் கொண்டுவாருங்கள். மேலே வெல்க்ரோ. பக்கிள் வைக்காதீர்கள், விறைப்பு வந்தால் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். வெல்க்ரோ நுனியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் விட்டுத் தையுங்கள், பிடியில்லாத கைக்கும் வரும். அந்த வளையத்தை மட்டும் மஞ்சள் துணியில் தைத்திருக்கிறேன். கண் மங்கியிருக்கிற நாளிலும் அது தெரிகிறது.